ரசாயன நிறுவனம் அரசுக்கு எழுதும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு ரசாயன நிறுவனத்தின் 'நெட் ஜீரோ' (நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்கும்) அறிவிப்பு அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. எந்த ஆண்டுக்குள் எவ்வளவு உமிழ்வைக் குறைப்பார்கள் என்று வரைபடம் போட்டிருந்தீர்கள். தலைமை நிர்வாகியின் படமும் இருந்தது. காலநிலை பற்றியும் எரிசக்தி பற்றியும் அரசு விதி கொண்டுவரும்போது அந்த நிறுவனம் என்ன சொல்கிறது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. செய்தியாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கே தேடுவது என்று வெளியாட்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. எனக்குத் தெரியும். விதிகள் பற்றி நிறுவனங்கள் தரப்பிலிருந்து அரசுக்குப் போகும் கருத்துக் கடிதங்களுக்கு எண்களை எடுத்துக் கொடுக்கும் வேலையை ஆறு ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் 25 ஆண்டுகள் ஒரு ரசாயன ஆலையின் யூட்டிலிட்டி பிரிவில் பொறியாளராக இருந்தேன். பாய்லர், நீராவி, குளிர்நீர், காற்றழுத்தம் எல்லாம் எங்கள் பொறுப்பு. உற்பத்திப் பிரிவுக்காரர்களுக்கு நாங்கள் இருப்பதே நீராவி அழுத்தம் குறையும்போதுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆலையின் எரிபொருள் செலவில் பெரும்பங்கு எங்கள் குழாய்கள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டீம் ட்ராப் என்று ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நீராவிக் குழாயில் ஓடும்போது கொஞ்சம் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு, நீராவியை உள்ளேயே பிடித்து வைப்பதுதான் ட்ராப்பின் வேலை. அது கெட்டுத் திறந்தபடி நின்றுவிட்டால் நீராவி இரவும் பகலும் வீணாக வெளியே போகும். ஆலை நிற்காது, அலாரம் அடிக்காது. பாய்லர் இன்னும் கொஞ்சம் எரிபொருள் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஒரு ஷட்டவுனுக்கு முன்னால் எங்கள் மூத்த ஃபிட்டரோடு ஆலை முழுக்க ட்ராப் ட்ராப்பாக நடந்தேன். பெரிய கருவி எதுவும் அவரிடம் இல்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ட்ராப் மேல் வைப்பார், கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல ட்ராப் விட்டுவிட்டுத் தட்டும். கெட்டது மூச்சு விடாமல் சீறும். "பாஸ் ஆகுது மேடம், எழுதிக்குங்க" என்பார். நான் தாளில் குறித்துக்கொண்டு சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். ஒன்பது நாள் நடந்தோம். ஆறில் ஒன்றுக்கு மேல் கெட்டிருந்தது. மாற்றிய செலவு ஐந்தே மாதத்தில் எரிபொருளாகத் திரும்பி வந்துவிட்டது. அந்த ஒன்பது நாளை என் பணிக்காலத்தின் உருப்படியான நாட்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிறகு என்னைத் தலைமை அலுவலகத்தில், அரசு விதிமுறைகளைக் கவனிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு வரைவு விதி வந்தது. ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு எரிசக்திக்கு மேல் செலவழிக்கக் கூடாது, மீறினால் கட்டணம். கருத்துச் சொல்லக் கெடு கொடுத்திருந்தார்கள். நாங்கள் உறுப்பினராக இருந்த தொழில்துறைக் கூட்டமைப்பிலிருந்து ஒரு எக்செல் தாள் வந்தது. இந்த வரம்பை எட்ட உங்கள் ஆலைக்கு என்ன செலவாகும், எத்தனை ஆண்டில் அந்தப் பணம் திரும்பும் என்று கேட்டிருந்தார்கள்.

நான் மூன்று படியாக நிரப்பினேன். முதல் படி ட்ராப், குழாய்களுக்கு வெப்பம் போகாமல் உறை போடும் இன்சுலேஷன், நீராவி குளிர்ந்த தண்ணீரைத் திரும்பப் பாய்லருக்கே கொண்டுவருவது, பம்ப் மோட்டார்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைப்பது. இந்தக் கடைசி விஷயத்தைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். வால்வை மூடி ஓட்டத்தைக் குறைப்பதற்குப் பதில் மோட்டாரின் வேகத்தையே ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சுற்றோட்டப் பம்ப் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டாவது படி, ஒரு பிரிவில் வீணாகும் வெப்பத்தை இன்னொரு பிரிவுக்கு எடுத்துப்போகும் எக்ஸ்சேஞ்சர்கள். மூன்றாவது, பழைய பாய்லரையே தூக்கிவிட்டுப் புதிது வைப்பது. முதல் படிக்குச் செலவு குறைவு, பணம் ஓராண்டுக்குள் திரும்பிவிடும். மூன்றாவதுக்குச் செலவு மிக அதிகம், பணம் திரும்பவும் பல ஆண்டுகளாகும்.

இரண்டு நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. "மூன்றாவது படியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டும் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை" என்று ஒரு வரி. எடுத்துவிட்டேன். நான்தான் எடுத்தேன், என் கையால். கூட்டமைப்பின் கடிதம் போனபோது, இந்த வரம்பை எட்ட வேண்டுமானால் பாய்லரை மாற்றியே ஆக வேண்டும், அந்தச் செலவைத் துறை தாங்காது, வேலைவாய்ப்பு போகும் என்று இருந்தது. அந்தக் கடிதத்தில் பொய்யான எண் ஒன்று கூடக் கிடையாது. பாய்லர் விலை சரி, ஆண்டுக் கணக்கு சரி. எடுத்துவிட்ட இரண்டு வரிசைகள்தான் அதைப் பொய்யாக்கின.

அதே மாதம் நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கை பளபளப்பான தாளில் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் எங்கள் ஃபிட்டரின் படம், காதில் ஸ்க்ரூடிரைவரோடு. கீழே, குறைந்த செலவில் பெருமளவு நீராவியைச் சேமித்தோம் என்று போட்டிருந்தார்கள். அவர் படம் வந்ததில் எனக்குச் சந்தோஷம், அவர் வீட்டுக்கு நாலு பிரதி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு தாள் அந்தச் சேமிப்பை ஊருக்கெல்லாம் சொல்கிறது. இன்னொரு தாள் அப்படி ஒரு வழியே இல்லை என்று அரசிடம் சொல்கிறது. முதல் தாள் முதலீட்டாளர்களுக்கும் உங்களைப் போன்ற நாளிதழ்களுக்கும் வந்தது. இரண்டாவது தாளை அந்தத் துறை அதிகாரிகள் தவிர யாரும் பார்க்கவில்லை.

மேலதிகாரியிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. "கூட்டமைப்பு ஒரே குரல்ல பேசணும்மா. நம்ம எண்ணைத் தனியா நல்லாக் காட்டினா மத்த உறுப்பினர்கள் மாட்டிப்பாங்க" என்றார். அவர் சொன்னதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. கூட்டமைப்பில் பல நிறுவனங்கள் இருக்கும். அதில் மிகப் பழைய ஆலையை வைத்திருப்பவர் எந்த இடத்தில் "முடியாது" என்கிறாரோ அந்த இடம்தான் எல்லோருடைய நிலைப்பாடாக வெளியே வரும். தன்னால் முடியும் என்று தெரிந்தவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள். விதி தளர்ந்தால் அவர்களுக்கும் லாபம்தானே. அப்புறம் யாராவது கேட்டால், அது கூட்டமைப்பின் கருத்து, எங்களுடையது இல்லை என்று ஒதுங்கிக்கொள்ளலாம்.

ரசாயன நிறுவனங்கள் அரசிடம் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசத்தான் வேண்டும். இந்தத் துறையின் சிக்கலை உள்ளே இருப்பவர்கள் சொல்லாவிட்டால் விதி எழுதுபவர்களுக்குத் தெரியாது. தொழில்துறைகளிலேயே அதிக எரிசக்தி வாங்குவது ரசாயனத் துறைதான். ஆனால் வாங்குவதில் ஏறக்குறைய பாதி எரிப்பதற்கு இல்லை, மூலப்பொருளுக்கு. எண்ணெயிலும் வாயுவிலும் இருக்கும் கார்பன்தான் பிளாஸ்டிக்காகவும் பெயின்டாகவும் மாறுகிறது. மின்சாரத்துக்கு மாறிவிடுங்கள் என்று ஒரே வரியில் சொன்னால் அந்தப் பாதிக்கு அது பொருந்தாது. எரிக்கும் பாதியிலும் எல்லாம் சுலபமில்லை. கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாஃப்தாவை பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருளாக உடைக்கும் கிராக்கர் உலையில் 850 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். அதை மின்சாரத்தால் கொடுக்க முடியுமா என்று பார்க்கும் மாதிரி உலையை பாஸ்ஃப், சாபிக், லிண்டே மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஜெர்மனியின் லுட்விக்ஷாஃபனில் 2024-ல்தான் திறந்தன. அதற்கே 6 மெகாவாட் மின்சாரம் தேவை. ஒரு முழு ஆலைக்கு எவ்வளவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மின் கட்டமைப்பு வலுவாக இருக்க வேண்டும், காற்றாலை மின்சாரம் தடையில்லாமல் வர வேண்டும், விலை தாங்க வேண்டும். இதையெல்லாம் ஒரு நிறுவனம் அரசிடம் கேட்டால் அது நியாயமான கோரிக்கை. குளோரின் ஆலைக்காரர்களும் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சித்தான் குளோரினே வருகிறது, ஒரு டன்னுக்கு இரண்டாயிரம் யூனிட்டுக்கு மேல் போகும்.

என் குறை வேறு. எந்தக் கோரிக்கை நியாயமானது, எது தள்ளிப்போடும் வேலை என்று பிரித்துப் பார்க்க, கோரிக்கை முதலில் நம் கண்ணில் பட வேண்டும் அல்லவா?

இதற்கு முன்னால் நடந்ததைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த சிஎஃப்சி வாயு ஓசோன் படலத்தைக் கரைக்கும் என்று 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். அந்த வாயுவை உலகிலேயே அதிகமாகச் செய்த நிறுவனம் டியூபான்ட். ஆதாரம் வந்தால் உற்பத்தியை நிறுத்துவோம் என்று 1975-ல் செய்தித்தாளில் விளம்பரமே கொடுத்தது. 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் ஓட்டை இருப்பது தெரிந்தது. 1987-ல் சிஎஃப்சி போன்ற வாயுக்களைக் குறைப்பதற்கான மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிறகும், 1988 மார்ச் தொடக்கத்தில், பெரிய அளவில் குறைக்க வேண்டிய அளவுக்கு இப்போதைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று டியூபான்ட் தலைவர் அமெரிக்க செனட்டர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த மாதம் 15-ஆம் தேதி விஞ்ஞானிகள் குழுவின் அறிக்கை வந்தது. 24-ஆம் தேதி டியூபான்ட், சிஎஃப்சி உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்திவிடுவதாக அறிவித்தது. மூன்றே வாரம்.

அந்த மூன்று வாரத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அறிவியல் மாறியது உண்மை. அதோடு, மாற்று வாயுக்களுக்கான ஆராய்ச்சியில் மற்றவர்களைவிட முன்னால் இருந்ததும் அந்த நிறுவனம்தான். கையில் மாற்று இருக்கும்போது கடுமையான விதி ஒரு நிறுவனத்துக்குச் சுமை இல்லை, சந்தை. பிறகு அந்த மாற்று வாயுக்களே பூமியைச் சூடாக்கும் என்று 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குத் திருத்தம் வந்தபோதும் இதேதான் நடந்தது. அடுத்த தலைமுறை வாயுவைக் கையில் வைத்திருந்த கெமோர்ஸ், ஹனிவெல் போன்ற நிறுவனங்கள் அந்தத் திருத்தத்தை ஆதரித்தன. ஆதரித்ததால் உலகத்துக்கு நல்லது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் ஒரு விதியை ஆதரிக்கிறது என்றாலும் எதிர்க்கிறது என்றாலும், அதன் கிடங்கில் என்ன தயாராக இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விதியே இல்லாமல் நல்லபடி நடந்துகொண்டதும் உண்டு. நைலானுக்கான அடிபிக் அமிலம் செய்யும்போது நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். ஒரு டன் நைட்ரஸ் ஆக்சைடு 270 டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 1991-ல் இதை இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். பெரிய உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடித் தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொண்டு, அந்தப் பத்தாண்டுக்குள் தங்கள் ஆலைகள் பலவற்றில் அந்த வாயுவை அழிக்கும் அமைப்பைப் பொருத்தினார்கள். போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் தள்ளிப்போடத்தான் முடியும் என்று இல்லை.

ஆனால் விதி தவறாக எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எச்எஃப்சி-23 கதையைச் சொல்ல வேண்டும். எச்சிஎஃப்சி-22 என்ற குளிர்பதன வாயுவைச் செய்யும்போது உபரியாக இது வரும். கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் இருந்த தூய்மை வளர்ச்சித் திட்டத்தில், ஒரு டன் எச்எஃப்சி-23-ஐ எரித்து அழித்தால் 11,700 டன் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்த கணக்கில், விற்றுக் காசாக்கக்கூடிய சான்று கிடைத்தது. எரிப்பதற்குச் செலவு சொற்பம். உபரி வாயுவை அழித்துக் கிடைத்த வருமானம் முதன்மைப் பொருளை விற்றுக் கிடைத்ததைவிடக் கூடுதலானது. கழிவைக் குறைக்க வேண்டிய ஆலைக்குக் கழிவு அதிகம் வந்தால் லாபம் என்ற நிலை. ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் முடிவெடுத்து, 2013 முதல் அந்தச் சான்றுகளை ஏற்க மறுத்தது. ஆலையின் உள்கணக்கு ஆலைக்கு மட்டும் தெரிந்து, விதி எழுதியவர்களுக்குத் தெரியாமல் போனால் இப்படித்தான் முடியும்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த முறை ஒரு ரசாயன நிறுவனம் உமிழ்வுக் குறைப்பு அறிவிப்போடு வந்தால், கடந்த மூன்று ஆண்டில் எரிசக்தி, கார்பன் விதிகள் பற்றி அரசுக்கு நீங்கள் அனுப்பிய கருத்துக் கடிதங்களைக் கொடுங்கள் என்று கேளுங்கள். இணைப்பாகப் போன எண் அட்டவணையோடு கேளுங்கள், கடிதத்தில் பொதுவாக நல்ல வார்த்தைகள்தான் இருக்கும். நீங்கள் சந்தா கட்டும் கூட்டமைப்புகள் எவை, அவை சொன்னதில் எதோடு உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றும் கேளுங்கள். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. 2022-ல் முதலீட்டாளர்கள் சேர்ந்து, காலநிலைக் கொள்கை விஷயத்தில் நிறுவனங்கள் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு 14 அளவுகோல்கள் கொண்ட ஒரு உலகத் தரத்தை வெளியிட்டிருக்கிறார்கள். சில பெரிய ரசாயன நிறுவனங்கள் தங்கள் கூட்டமைப்புகளின் நிலைப்பாட்டைத் தங்களுடையதோடு ஒப்பிட்டு அறிக்கை போடவும் தொடங்கிவிட்டன. கொடுக்க மனமுள்ளவர்கள் கொடுப்பார்கள். கொடுக்க மறுத்தால், மறுத்தார்கள் என்று அந்த வரைபடத்துக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்.

விதி எழுதும் துறைகளும் வந்த கருத்துகளை முழுதாக வெளியிட வேண்டும். 'தொழில்துறையினர் கவலை தெரிவித்தனர்' என்று ஒரே பத்தியில் சுருக்கினால் எந்த வரிசை எடுக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் ஃபிட்டர் அந்தக் கடிதத்தைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார், ட்ராப்பை எங்கே காணோம் என்று.

அந்த வரைவு விதி கடைசியில் தளர்த்தப்பட்ட வரம்போடு வந்தது. எங்கள் ஆலை அதை முதல் ஆண்டிலேயே எட்டிவிட்டது. பாய்லரைத் தொடக் கூட இல்லை. நான் எழுதி, பிறகு நானே எடுத்த முதல் படியே போதுமானதாக இருந்தது.

அந்தத் தாளின் முதல் வடிவம் என் கணினியில் இருந்தது, ஓய்வு பெற்ற அன்று கணினியோடு ஒப்படைத்துவிட்டேன். அப்போதே அதைப் பற்றி வெளியே பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரையும் ஊரையும் தவிர்த்துவிடுங்கள். இன்னும் அங்கே வேலை பார்க்கும் இளம் பொறியாளர்கள் சிலருக்கு இப்போதும் அதே மாதிரித் தாள் வந்துகொண்டிருக்கும். அவர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த நிறுவனத்திடமிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் அரசுக்குக் கொடுத்த கடிதம் கிடைத்தால் அதையும் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரசாயன ஆலைப் பொறியாளர்